எண்பத்திரண்டு சீட்டுகள்

“தப்பு என்னுதுன்னு மாத்தி எழுதுங்க சார்.”

இதை மட்டும் வாயால் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா என்னை வேலைக்கு அனுப்பினாள். “நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டாவது வாய்ப்பு கெடையாதுடி” என்பாள்.

சாரின் மேசையில், எங்கள் கடல் ஆய்வு நிலையத்திலிருந்து கப்பல் நிறுவனத்துக்குப் போகவேண்டிய கடிதம் இருந்தது. எங்களுக்காகக் கருவி போடும் கப்பல் சமையல்காரர், கடலில் கருவியே போடாமல் பொய்க்கணக்கு எழுதினாராம். அது போனால் அவருக்கு வேலை போகும்.

கருவி என்றால் முழங்கை நீளக் குழல். சரக்குக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து விட்டால் முடியைவிட மெல்லிய கம்பி அவிழ அவிழக் கீழே போகும். போகிற வழியெல்லாம் வெப்பநிலையைச் சொல்லும். கம்பி தீர்ந்ததும் அறுந்துவிடும். திரும்பி வராது. ஆழத்தை அது அளப்பதில்லை. விழுந்த நேரத்தை வைத்துக் கணினிதான் கணக்குப் போடும். அதற்குக் கருவியின் வகை தெரியவேண்டும். பெட்டியில் வைத்துக் கப்பலுக்கு அனுப்பியது வேகமாக விழும் வகை. கணினியில் நான் தேர்ந்தெடுத்தது மெதுவான வகை. எண்பத்திரண்டு இடத்திலும் கடல் திடீரென்று குளிர்ந்துபோனதாகக் காட்டியது. அதைப் பார்த்துத்தான் சார் சமையல்காரரைச் சந்தேகப்பட்டார்.

அந்தச் சமையல்காரர்தான் என்னைக் காப்பாற்றினார். அடுப்பை அணைத்துவிட்டு, தினம் நான்கு முறை மழையிலும் அலையிலும் போய்க் கருவியை விட்டதோடு, ஒவ்வொரு குழலிலும் வகை அச்சிட்டிருந்த சீட்டையும் உரித்து நோட்டில் ஒட்டியிருந்தார். யாரும் சொல்லவில்லை. நோட்டு என் கைக்கு வந்தபோது எண்ணெய்க் கறையோடு வகை பளிச்சென்று தெரிந்தது. மறுபடி கணக்கிட்டேன். ஒரு அளவுகூட வீணாகவில்லை.

நேற்று போனில் நன்றி சொன்னேன்.

“அட விடும்மா தங்கச்சி! நான் வெச்ச சோத்துக்கே இதுவர யாரும் நன்றி சொன்னதில்ல” என்று சிரித்தார். கடிதத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

“கிறுக்கா உனக்கு?” என்றார் சார். “ஒரு சமையல்காரன் போனா இன்னொருத்தன். குடும்பத்துலயே மொதல்ல படிச்சவ நீ. பொழைக்கிற வழியப் பாரு.”

“படிச்சவதான் சார். சீட்டைப் படிக்காம விட்டேன், அதான் தப்பு.”

“நாளைக்குப் பேசுவோம்.”

“தப்பு என்னுதுன்னு காலையிலயே என் கையெழுத்துல கப்பல் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பிட்டேன். நோட்டோட நகலும் சேத்து. நீங்களும் சொன்னா அவருக்கு மரியாதையா இருக்கும்னுதான் கேட்டேன்.”

கப்பல் மூன்று மணிக்குக் கிளம்புகிறது. சமையல்காரரிடம் நேரில் சொல்லவேண்டும். பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.