செவ்வாய்க்காரன் கேட்ட வெள்ளம்

போடி டூரிங் டாக்கீஸுக்கு ஒரு வெள்ளைக்காரப் படம் வந்தது. செவ்வாய் கிரகத்தார் பூமியைப் பிடிக்கப் படையெடுத்து வருகிற கதை. இங்கிலீஷ் படம் ஓடும்போது மைக்கைப் பிடித்துத் தமிழில் விளக்கம் சொல்வது ஜக்கையன் வேலை. அவனுக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். வாய் மட்டும் முழுசு.

செவ்வாய்க்காரர் பேசுவது தவளை கத்துகிற மாதிரி இருந்தது. அதற்கு என்னவென்று விளக்கம் சொல்வது? தேவிகுளமும் பீர்மேடும் தமிழருக்கா மலையாளத்தாருக்கா என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். பறக்கும் தட்டிலிருந்து இறங்கிய தலைவன் வாயைத் திறந்ததும், "கொறச்சு வெள்ளம் கொண்டா. இந்த மலை எங்களுது" என்றான் ஜக்கையன். கூடாரம் அதிர்ந்தது. கடைசியில் குண்டு விழுந்து செவ்வாய்க்காரர் கூண்டோடு அழிந்தபோது சனம் மணலை வாரி இறைத்து ஆடியது. எல்லா ஆட்டத்திலும் இதையே சொல்லச் சொல்லிவிட்டார் முதலாளி.

ஜக்கையனுக்கு மலையாளம் ஏது? அவன் தங்கை மொக்கம்மாள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கூலி. அங்கேயே கிடந்து, தண்ணீரை வெள்ளம் என்று சொல்லப் பழகிவிட்டவள். அவள் பேச்சைத்தான் மைக்கில் விட்டான். மனசு உறுத்தத்தான் செய்தது. கைதட்டல் கேட்ட காதில் அது ஏறவில்லை.

அந்த வாரமே மொக்கம்மாள் தன் மகள் கருப்பம்மாளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு இறங்கி வந்தாள். போடிக்குப் பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, செவ்வாய் தோஷமும் இல்லை. இந்த இடம் முடிந்தால் மகளாவது குளிரிலும் அட்டைக்கடியிலும் கிடக்காமல் கீழே பிழைத்துக்கொள்வாள் என்று நம்பியிருந்தாள்.

கருப்பம்மாள் வந்தவர்களிடம் செம்பை நீட்டி, "வெள்ளம் குடிங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா முந்தின நாள்தான் படம் பார்த்திருந்தார். "ஜாதகத்துல செவ்வா இல்லேன்னீக. பொண்ணே அங்கயிருந்துதான வந்திருக்கு" என்றார்.

மாப்பிள்ளை உட்பட எல்லாரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் ஜக்கையன் வாயும் இளித்துவிட்டது. தங்கை அதைப் பார்த்துவிட்டாள். வந்தவர்கள் காப்பியைத் தொடாமல், சொல்லி அனுப்புவதாகச் சொல்லி எழுந்து போனார்கள்.

எதற்குச் சிரித்தார்கள் என்று மொக்கம்மாள் கேட்டாள். மறைக்க வழியில்லாமல் மைக்கில் சொன்னதையெல்லாம் சொன்னான்.

"சும்மா சிரிக்கத்தான் ஆத்தா சொன்னேன். ஒன்னைய நெனைச்சுச் சொல்லல."

அது பொய். அவளை நினைத்துத்தான் சொன்னான். கேவலமாக இருந்தது அவனுக்கு. அவள் வைதிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் வையவில்லை. மகள் தலையிலிருந்த பூவை எடுத்து வைத்துவிட்டு மூட்டையைக் கட்டினாள். மலைக்குப் போகிற கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. டாக்கீஸில் மாலை ஆட்டத்துக்கு ரிக்கார்டு போட்டுவிட்டார்கள். வாசல் தாண்டியவள் திரும்பி நின்றாள்.

"அந்தப் படத்துல கடைசில நாங்க எல்லாரும் செத்துப்போறோமா அண்ணே?"

நாம என்று சொல்லவில்லை, நாங்க என்றாள். கூடப்பிறந்தவனை அந்தச் சொல்லுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.