துண்டுக்கடியில்

காளியப்பன் தோள்துண்டைப் போர்த்து, அதற்கடியில் ஒரு வியாபாரியின் விரல்களைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார். ராஜமேரி புளியமரத்தோரம் ஒதுங்கி நின்றாள். வீட்டில் அப்பாவின் பிணம் கிடக்க, யாருடைய எருதுக்கோ பேரம் முடியட்டும் என்று காத்திருந்தாள். தரகர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த மரியாதை மறக்காது.

காரிமங்கலம் சந்தை பழைய கல்மண்டபத்தைச் சுற்றி எப்போதும்போல் இரைந்துகொண்டிருந்தது. தக்காளிக் கூடைகள், கருவாடு, மூக்கணாங்கயிறு, கேசட் கடையில் பாட்டு. அப்பா இல்லாததை ஒரு மாடுகூடக் கண்டுகொள்ளவில்லையே என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

"என்ன பாப்பா, நீ எங்க இங்க?"

"அப்பா விடியக்காலம் போயிட்டாருங்க மாமா. சாயங்காலம் அடக்கம்."

காளியப்பன் மண்டபப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவரும் அவள் அப்பா சவுரியப்பனும் இந்தச் சந்தையில் சேர்ந்தே தரகு பார்த்தவர்கள்.

வீட்டை மீறி அவள் பச்சியப்பனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அப்பா அவளிடம் பேசவில்லை. வாதம் வந்து வாய் விழுந்த பிறகு, பேச நினைத்திருந்தாலும் முடியாது. சாகும் நேரத்தில்தான் அவள் கையைப் பிடித்தார்.

"கையில என்னமோ பண்ணாருங்க. அப்புறம் வுட்டுட்டாரு. என்னை ஒதறிவுட்டாருன்னு அண்ணன் சொல்லுது. எனக்குத் தெரியணும் மாமா."

காளியப்பன் துண்டை விரித்தார். "எப்படிப் பண்ணான்? எங்கையில செய்யி."

அவள் துண்டுக்கடியில் கைவிட்டு, அவருடைய நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். பிறகு மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினாள்.

"ஒதறலம்மா. பேரம் படிஞ்சா நானும் அவனும் இப்படித்தான் அமுக்குவோம். அதுக்கப்புறம் பழசைப் பேசக்கூடாது. நீ திருப்பி அமுக்கினியா?"

"எனக்குத் தெரியாதுங்களே மாமா."

"ரெண்டு கையும் அமுக்கினாத்தான் முடிஞ்ச பேரம்." துண்டை மடித்து அவளிடம் கொடுத்தார். "வூட்டுக்குப் போ. நான் பின்னாலயே வர்றேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடப்போனார்கள். மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் பிலவேந்திரன், "தள்ளி நில்லு" என்றான்.

ராஜமேரி தள்ளி நிற்கவில்லை. செபமாலை சுற்றியிருந்த அப்பாவின் கைகள்மேல் துண்டை விரித்து, அதற்கடியில் கைவிட்டாள்.

சுற்றி நின்றவர்களுக்குத் துண்டுதான் தெரிந்தது. அதில் மாட்டு வாசனை அடித்தது.