சனவரி ஒன்றாம் தேதிக்காரர்கள்

நூற்றெண்பத்தைந்து பேர் ஒரே தேதியில் பிறந்திருந்தார்கள். ஆண்டு மட்டும்தான் வேறு வேறு. நாளும் மாதமும் எல்லாருக்கும் சனவரி ஒன்று. கவிநிலா திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். ஒரே ஈற்றில் போட்ட நாய்க்குட்டிகள் வேண்டுமானால் இப்படிப் பிறக்கும். மனிதர்கள் பிறக்க மாட்டார்கள். 

மேசைக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஜான்-பத்திஸ்த், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பிறப்பு, திருமணப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஒரு சங்கத்துக்குச் செயலாளர். அந்தப் பதிவுகளை எல்லாம் இணையத்தில் ஏற்றி, கேட்பவர்களுக்கு நகல் அச்சிட்டுக் கொடுக்கும் மென்பொருளைச் செய்து தந்தது கவிநிலா வேலை பார்க்கும் கம்பெனி. மற்றவள் ஏஸ்தெல், ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். செத்துப் போன அப்பாவின் வழியில் தனக்கும் குடியுரிமைச் சான்று வேண்டும் என்று மூன்று வருடமாக நடையாய் நடக்கிறவள்.

அந்த மூன்று வருடத்து நடை இப்போது பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் ஒரு மஞ்சள் உறைக்குள் திரும்பி வந்திருந்தது.

"மத்மசேல், நீங்களே படிச்சுப் பாருங்க" என்று ஜான்-பத்திஸ்த் கடிதத்தை நீட்டினார். கோபத்தில் இருந்தாலும் மரியாதையை விடாத மனிதர். "இந்தப் பொண்ணோட அப்பா பொறந்தது கோர்ட்டு மூலமாப் பதிஞ்சது. 'சுமார் 1936' அப்படின்னு ஜட்ஜ் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நாள் கிடையாது, மாசம் கிடையாது. எங்க சங்கத்து நகல்ல மட்டும் சனவரி ஒண்ணுன்னு வருது. ரெண்டுல எது பொய்னு கேக்கறாங்க."

"வியாழக்கிழமைக்குள்ள எழுத்துல பதில் குடுக்கணுமாம்" என்றாள் ஏஸ்தெல். குரல் தாழ்ந்துதான் வந்தது. "இல்லன்னா ஃபைலை மூடிடுவாங்க. அப்பாவோட ஒரிஜினல் பேப்பரையே சந்தேகப்பட்டு விசாரிக்கப் போறாங்களாம். நாங்க எதையும் மாத்தலைங்க. ஒரு எழுத்துகூட மாத்தல."

"தெரியும்க்கா" என்றாள் கவிநிலா.

அவளுக்கு உண்மையிலேயே தெரியும். இந்தச் சங்கத்துப் பதிவேடுகளை இரண்டு மாதம் பக்கம் பக்கமாகப் பார்த்தவள் அவள். பழைய பதிவுகளில் ஒன்றில் ஆண்டு மட்டும் இருக்கும். இன்னொன்றில் மாதமும் ஆண்டும் இருக்கும். மூன்றாவதில் 'சுமார்' என்று இருக்கும். அந்த வெற்றிடம் யாரோ மறந்து விட்டதல்ல. தெரியாது என்பதைச் சட்டப்படி எழுதி முத்திரை குத்தியது.

இதை எந்தக் கட்டத்தில் போட்டு வைப்பது என்பதுதான் அப்போது வந்த சிக்கல். அவர்கள் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த மென்பொருள் சட்டகத்துக்கு எழுத்து தெரியும், எண் தெரியும், ஆம் இல்லை தெரியும், தேதி தெரியும். தேதி என்றால் அதற்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் உள்ளே விடாது. அதற்குக் கீழே பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் அந்த அளவுக்கு மோசமில்லை. நீயே ஒரு புது வகையைச் செய்து கொடு, வைத்துக்கொள்கிறேன் என்று அது இடம் கொடுக்கும். கவிநிலா செய்து கொடுத்தாள். ஆண்டு கட்டாயம், மாதமும் நாளும் இருந்தால் இருக்கட்டும், பக்கத்தில் 'சுமார்' என்று ஓர் அடையாளம். அதற்குப் பாதித்தேதி என்று பெயர் வைத்தாள்.

டேட்டாபேஸ் ஏற்றுக்கொண்டதை ஃபிரேம்வொர்க்குக்குப் புரிய வைக்க மூன்று வாரம் ஆனது. எப்படிப் படிப்பது, எப்படித் திருப்பி எழுதுவது, படிவத்தில் எப்படிக் காட்டுவது, வரிசைப்படுத்தும்போது நாள் இல்லாததை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. லாஸ்பேட்டைக் கல்லூரியில் படித்த நாலு வருடத்தில் எந்த வாத்தியாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. முதன்முறையாகத் திரையில் 'சுமார் 1936' என்று வந்து நின்றபோது, கீழே பிளாஸ்டிக் வாளி செய்யும் பட்டறையின் இரைச்சலுக்கு நடுவே அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அன்று வந்தது ஏஸ்தெலின் அப்பாதான் என்பது இன்றைக்கு, இந்தத் திங்கட்கிழமையன்று, நினைவுக்கு வந்தது.

அந்தப் பாதித்தேதி இப்போது இல்லை. அதை எழுதி வைத்திருந்த கோப்பும் காணவில்லை. கட்டம் சாதாரணத் தேதிக் கட்டமாக மாறியிருந்தது. அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவள் எழுதி வைத்த சோதனை நிரல்கள் எல்லாம் ஓடாதபடி மூடப்பட்டிருந்தன.

"என் பொறந்த நாளும் சனவரி ஒண்ணுதான் மத்மசேல்" என்றார் ஜான்-பத்திஸ்த். "1938. நெசமாவே அன்னிக்குத்தான். எங்கம்மா புது வருசப் பூசைக்குப் போக முடியாமப் படுத்திருந்தாங்க. இப்ப அந்த லிஸ்ட்ல நானும் ஒரு பொய்க்காரன்."

கவிநிலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சனவரி ஒன்றை எல்லாம் தேடி அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் அந்த நிமிடம் வரை எண்ணியிருந்தாள். நூற்றெண்பத்தைந்தில் உண்மையாகவே அன்றைக்குப் பிறந்தவர் யார், பிறக்க வைக்கப்பட்டவர் யார் என்று இனி இந்தக் கணினி சொல்லாது.

"கொஞ்சம் இருங்க, வந்துட்டேன்" என்று எழுந்தாள்.

முதலாளி நெடுமாறன் கண்ணாடி அறைக்குள் இருந்தார். மில் தொழிலாளியின் மகன். இரண்டு பழைய கணினியோடு தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் இந்த மாடியைப் பிடித்து, பதினோரு பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு வந்தவர். அவர் மேல் அவளுக்கு நிறைய மரியாதை இருந்தது. ஆத்திரம் இவ்வளவு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"சார், சங்கத்துத் தேதி எல்லாத்தையும் யார் மாத்தினது?"

"நான்தான்" என்றார், நிமிராமல். "ஜூன்ல நீ உங்கக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டல்ல, அப்போ. ஃபிரேம்வொர்க்கைப் புது வெர்ஷனுக்கு ஏத்தினோம். உன் டைப்பு அதுல ஓடல. பக்கம் பூரா எரர். மறுநாள் காரைக்கால்லேருந்து ஆளுங்க டெமோ பாக்க வராங்க. நான் இன்னா பண்றது? வெத்தா இருந்த எடத்துல ஒண்ணு ஒண்ணுன்னு ரொப்பி, சாதாத் தேதியா ஆக்கிட்டேன். நீ வந்ததும் சரி பண்ணிட்டேன்னு சொன்னேனே."

சொன்னார். அவளும் பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அதை நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"பழைய கட்டம்?"

"தூக்கிட்டேன்."

"பேக்கப்பு?"

"ஒரே டிஸ்க்குதான? ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அது மேலயே எழுதுது. ஏழு வாரம் ஆச்சு."

"ஒரு போன் பண்ணிருக்கலாமே சார். வில்லியனூர்லதான இருந்தேன். வண்டியில வந்திருந்தா இருபது நிமிசம்."

"கல்யாண வூட்ல இருக்கிற பொண்ணை எதுக்குக் கூப்பிடணும்னு விட்டேன்." இப்போதுதான் நிமிர்ந்தார். "இன்னா கவிநிலா, இவ்ளோ பெருசாப் பேசற? எனக்கு மட்டும் யாரு கண்டது பொறந்த நாளு? மாசி மகத்தன்னிக்குப் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். ஸ்கூல்ல சேக்கறப்போ அஞ்சு வயசு வரணும்னு ஹெட்மாஸ்டர் ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாரு. எங்க தெருவுல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான். பாஸ்போர்ட்லயும் அதான். நான் நல்லாத்தான இருக்கேன்?"

அதில் பொய் எதுவும் இல்லை. கவிநிலாவின் அப்பாவுக்கும் அப்படிப்பட்ட ஒரு வாத்தியார் தேதிதான். இந்த ஊரில் தேதி என்பது யாரோ ஒருவர் பள்ளிக்கூட வாசலில் போட்டுக் கொடுப்பது. போட்டதோடு எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இவர் கையும் தயங்காமல் ஒன்று ஒன்று என்று நிரப்பியிருக்கிறது. புரிந்தது. புரிந்ததற்காகக் கோபம் இம்மியும் குறையவில்லை.

"சார், வெளிய ஒரு அக்கா உக்காந்திருக்காங்க. நாங்க கம்பெனியில தவறா மாத்திட்டோம்னு ஒரு லெட்டர் குடுத்தா அவங்க ஃபைல் தப்பிச்சிடும். அது போதும்."

"லெட்டர் ரெடி. சங்கத்துக்காரரு காலையில போன் பண்ணினப்பவே அடிச்சிட்டேன்." தாளை அவள் பக்கம் தள்ளினார். "குடுத்துட்டு வா."

கவிநிலா படித்தாள். நாலே வரி. கடைசி வரி இப்படி இருந்தது: 'மேற்படி பிறந்த தேதி, விண்ணப்பதாரர் தரப்பில் வழங்கப்பட்டபடியே எங்களால் ஏற்றப்பட்டது.'

அவள் இன்னொரு முறை படித்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை இவ்வளவு சுத்தமாக லெட்டர்ஹெட்டில் அடித்து அவள் பார்த்ததில்லை. இந்தத் தாளோடு ஏஸ்தெல் வியாழக்கிழமை போய் நின்றால், அப்பாவின் பிறப்பைத் திருத்தியவள் அவள்தான் என்று அவள் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

"இது பொய் சார்."

"இல்லன்னா கம்பெனி பேரு கெடும். காரைக்கால் வேலை போயிடும். பதினோரு பேரு கீறாங்க. அந்தம்மா இன்னொரு தடவை அப்ளை பண்ணிக்கட்டும். மூணு வருசம் காத்திருந்தவங்களுக்கு இன்னும் ஆறு மாசம் இன்னா?"

அந்தக் கடைசிக் கேள்வியோடு அவள் பொறுமை முடிந்துவிட்டது.  தாளை மேசை மேலேயே வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள்.  யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

அவள் இடத்துக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நெடுமாறனே அச்சடித்து ஒட்டியது. 'குறிப்பு எழுதாமல் ஒரு வரியைக்கூட யாரும் மாற்றக் கூடாது.' அந்த ஆபீசின் முதல் சட்டம் அது. யார், எந்த நிரல் கோப்பை, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எதற்காக மாற்றினார்கள் என்று ஒரு பதிவேடு தானாகவே எழுதிக்கொள்ளும். ஒரு புதுப் பையன் குறிப்பு எழுத மறந்ததற்காக நெடுமாறன் அவனை மதியம் முழுக்க உட்காரவைத்துத் திட்டியிருக்கிறார். தான் போட்ட சட்டத்தை மீறுகிற ஆளும் அல்ல அவர்.

கவிநிலா ஜூன் மாதத்தைத் திறந்தாள். இருந்தது. நெடுமாறன், 2008 ஜூன் 19, மாலை 6.42. குறிப்பு: 'பாதித்தேதி டைப் தூக்கியாச்சு. வெத்து நாள், மாதத்துக்கு எல்லாம் 1 போட்டாச்சு. இனி தொல்லை இல்லை.' அதற்குக் கீழே நிரலில் மாற்றிய வரிகள், ஒன்றுவிடாமல்; யார் யாருடைய தேதி மாறியது என்பது மட்டும் அதில் இல்லை.

அச்சிடச் சொன்னாள். மூலையில் இருந்த பழைய பிரிண்டர் ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு தாளைத் தள்ளியது. கண்ணாடி அறைக்குள் நெடுமாறன் தலை நிமிர்ந்தது. அவர் எழுந்து வருவதற்குள் கவிநிலா மூன்று பக்கத்தையும் எடுத்து ஜான்-பத்திஸ்த்தின் கையில் கொடுத்துவிட்டாள்.

"கவிநிலா, ஆபீஸ் ரெக்கார்டை வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது. தெரியுமா?"

"தெரியும் சார். உங்களுக்கு ஜூன் ஒண்ணு போட்டாரே ஹெட்மாஸ்டர், அவரு ரெஜிஸ்டர்ல போட்டுட்டுக் கீழ கையெழுத்துப் போட்டாரு. இன்னிக்குப் போய்ப் பாத்தாலும் அவரு பேரு இருக்கும். நீங்க நூத்துக்கு மேல பேருக்கு நாள் போட்டீங்க. இந்த அக்கா மேல தூக்கி வைக்காதீங்க. நீங்க போட்டதுன்னு சொல்லுங்க."

"நீ நாளைலருந்து வர வேணாம்."

"சரி சார்."

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது. மூலக்குளத்தில் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்ற யோசனையும் கூடவே வந்தது. அது வந்து ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டது.

ஜான்-பத்திஸ்த் மூன்று பக்கத்தையும் படித்து முடித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மிஸ்யே நெடுமாறன், இதையே நான் வியாழக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கலாம். உங்க கம்பெனி பேரோட, இந்தக் குறிப்புல நீங்க எழுதினதோட. இல்லன்னா நடந்ததை நீங்களே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நான் இதை வெளிய எடுக்க மாட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று நெடுமாறனுக்குத் தெரிந்துவிட்டது.   பிறகு கவிநிலாவின் மேசையிலேயே உட்கார்ந்து, பேனாவை எடுத்துக் கையாலேயே எழுதினார். நாள், மாதம் பதிவில் இல்லை. எங்கள் நிறுவனத்தில் நான்தான் மென்பொருளில் மாற்றும்போது ஒன்று என்று நிரப்பினேன். குடும்பத்தாருக்கும் சங்கத்துக்கும் இதில் பங்கில்லை. எழுத்துகள் வரவரச் சிறியதாகிக்கொண்டே போயின. கையெழுத்தைப் போட்டுத் தாளை நீட்டினார்.

ஏஸ்தெல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். படிக்கவில்லை. கண் கலங்கியதில் எழுத்து தெரிந்திருக்காது.

"மத்த பேருங்க?" என்றாள் கவிநிலா. "அவங்களை இன்னா பண்றது?"

"பேப்பர் சங்கத்துல இருக்கு மத்மசேல். நான் படிக்கறேன், நீங்க ஏத்துங்க. உங்க டைப்பை முதல்ல அந்தப் புது வெர்ஷனுக்குச் சொல்லிக் குடுங்க. ஆபீஸ் போனா இன்னா, எங்ககிட்ட ஒரு கம்ப்யூட்டர் இருக்கு." இதைச் சொல்லிவிட்டு அவர் ஏஸ்தெலின் கையிலிருந்த தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். பட்டாளத்தில் எத்தனையோ தாள்களைச் சரிபார்த்த பார்வை அது.

தாளைத் திருப்பி நெடுமாறன் முன்னால் வைத்தார்.

"பேரு இருக்கு. கையெழுத்து இருக்கு. தேதி போடலையே" என்றார். "போடுங்க மிஸ்யே. இன்னிக்குத் தேதி. இது உங்களுக்குத் தெரிஞ்ச தேதிதான்."

நெடுமாறன் பேனாவை மறுபடி எடுத்தார். நாளை எழுதினார், மாதத்தை எழுதினார், ஆண்டை எழுதினார்.