தயிர்ப்பானைக்குள் ஓர் அலை

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஈரோட்டிலிருந்து என் தம்பி தமிழரசன் ஹாம் ரேடியோவில் பேசுவான். என்னிடம் அல்ல, அவனைப் போலவே வீட்டில் ரேடியோ வைத்துப் பேசும் நண்பர்களிடம். நானும் அவனும் பேசி இரண்டு வருடமாகிறது. லீவு இல்லையென்று அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போனில் சண்டை வந்தது, வைத்துவிட்டான். கொழுப்பு எனக்கும் உண்டு, நானும் கூப்பிடவில்லை.

குரலையாவது கேட்கலாமென்று கல்கத்தாவில், எங்கள் பெஹாலா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ரிசீவர் கட்டினேன். சிறு வயதில் ஒரே ஹெட்போனில் ஆளுக்கொரு காதாகக் கேட்டவர்கள் நாங்கள். எல்லாம் சரியாக வந்தது, ஆஸிலேட்டரைத் தவிர. உள்ளேயே ஓர் அலையை எழுப்பி, அவன் அலையோடு ஒட்டி நிற்க வேண்டிய சுற்று அது. ரசகுல்லா டின்னுக்குள் வைத்திருந்தேன். துளி சூடு மாறினாலும் நழுவியது. தம்பி இரண்டு நிமிடம் தம்பியாக இருப்பான். பிறகு வாத்தாவான், பிறகு விசிலாவான், பிறகு பனிக்குள் போகும் படகாக மங்கிவிடுவான்.

காற்று படாமலிருக்க ஃபேனை நிறுத்தி வைத்தேன்.

"ரேடியோவுக்காக என்னைய வேக வெக்கறயே," என்றார் என் கணவர் பழனிசாமி.

"ஏனுங்க, பத்து நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

எதிர்வீட்டுக் குழந்தைக்கு முதல் சோறூட்டிய அன்னப்பிராசனத்தன்று அவர்கள் இனிப்புத் தயிரோடு கொடுத்த பெரிய மிஷ்டி தோய் பானை பால்கனியில் காலியாகக் கிடந்தது. விரல் தடிமனுக்கு மண். வெயிலிலும் உள்ளே கைக்குக் குளுமை. டின்னை அதற்குள் இறக்கி, சுற்றிலும் பஞ்சைத் திணித்தேன். அலையைப் பிடிக்கத் திருப்பும் குமிழின் தண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு, சூடு ஒரு நிலைக்கு வரட்டுமென்று ஏழு மணிக்கே சுவிட்சைப் போட்டு, எட்டுக்குக் குமிழைத் திருப்பினேன். தம்பி வந்தான். ஃபேன் ஓடியது. பத்து நிமிடம், இருபது நிமிடம், அவன் நழுவவேயில்லை. அறை முழுக்க அந்தக் குரல் குளத்துத் தண்ணீராக நின்றது. நான் அதில் மிதந்தேன். "பாப்பாவுக்கு ரெண்டு பல்லு வந்துருச்சுங்க," என்றான் யாரிடமோ. எனக்கு மருமகள் பிறந்ததே அப்போதுதான் தெரியும்.

நண்பர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். இதுவரை கடைசி வரைக்கும் நான் கேட்டதே இல்லை.

"வாராவாரம் சொல்றதுதான்," என்றான். "அக்கா, கல்கத்தாவுல கேக்கறயோ இல்லியோ. பாப்பாவுக்கு இன்னும் பேரு வெக்கல. அத்தைதான் வெக்கோணும். நீ வா."

ரிசீவரில் பதில் பேச முடியாது. போனை எடுத்தேன், கண்ணீரில் எண்கள் தெரியவில்லை. பழனிசாமி வாங்கி அழுத்திக் கொடுத்தார்.