கோடு விழாத வானம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. ஒரு பத்திரிகைக்கு நான் எழுதிய கதையில் ‘வெண்புகை கக்கியபடி விமானம் போயிற்று’ என்று ஒரு வரி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் முன்னால் அந்தப் பத்திரிகையை வீசாத குறையாக வைத்தாள் என் நாத்தனார்.

“அண்ணி, இது புகையா?”

“பின்ன என்ன, பஞ்சு மிட்டாயா?”

“ஐஸ் அண்ணி, ஐஸ்! எத்தனை வருஷமா என்கூட ஒரே வீட்ல இருக்கீங்க!”

அவளுக்கு ஒரு விமான நிறுவனத்தில் வேலை. எந்த விமானம் எந்த வழியில், எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் எங்கள் வீட்டில் கிடையாது. என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், சண்டை தொடங்கியதும் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். [அவர் இந்தக் கதையில் இனி வரமாட்டார். கேட்டால் சந்தோஷப்படுவார்.]

2

முதல் தொடக்கம்: ‘நீல வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று, யாரோ சாக்பீஸால்...’ வேண்டாம். ஊரே எழுதியாயிற்று.

இரண்டாவது தொடக்கம்: ‘எஞ்சினில் எரிபொருள் எரியும்போது நீராவியும் கரித்துகள்களும் வெளியேறுகின்றன. அந்த உயரத்தின் கடுங்குளிரில் நீராவி கரித்துகள்களைப் பற்றிக்கொண்டு துளியாகி, துளி உறைந்து...’ எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.

நாத்தனார் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன். குளிர்நாளில் வாயைத் திறந்தால் ஆவி வருகிறதல்லவா, அதே சங்கதிதான். மேலே காற்று வறண்டிருந்தால் கோடு உடனே கரைந்துவிடும். ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் கரையாது. மணிக்கணக்கில் நின்று, பரவி, மெல்லிய மேகமாகிவிடும். அந்த மேகம் பூமியின் சூட்டைப் போகவிடாமல் போர்வை மாதிரி பிடித்துவைக்கும். [இங்கே அவள் குறுக்கிட்டாள்: “பகல்ல கொஞ்சம் வெயிலைத் தடுக்கவும் செய்யும் அண்ணி. ஆனா மொத்தத்துல சூடுதான் ஜாஸ்தி. அதையும் போடுங்க.” போட்டாயிற்று.]

ஈரக்காற்று அடுக்கு அடுக்காகத்தான் இருக்குமாம். விமானத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி ஓட்டினால் அந்த அடுக்கைத் தவிர்த்துவிடலாம். இதுதான் அவளுடைய யோசனை. கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு, அவளுடைய மேலாளர் ஒரே ஒரு விமானத்துக்குச் சம்மதித்தார். கீழே பறந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், அதனால் ஒரே முறைதான். கோடு விழுந்து நின்றுவிட்டால் அதோடு சரி. பிறகு அலுவலகத்தில் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

3

அவள் கவலை அது. என் கவலை வேறு. வானத்தில் எந்தக் கோடும் தெரியாமல் இருப்பதற்காக ஒருத்தி ராப்பகலாக உழைக்கிறாள். ஜெயித்தால் வானம் வெறுமனே இருக்கும். இதை எப்படிக் கதையாக்குவது? வாசகர் என்னை அடிக்க வரமாட்டாரா?

போதாக்குறைக்கு மேலாளர் வேறு சரியாக வரவில்லை. முதலில் அவரை வில்லனாக்கி, முறுக்கு மீசையெல்லாம் வைத்துப் பார்த்தேன். நாத்தனார் பேனாவைப் பிடுங்கி அந்த வரிகளை அடித்துவிட்டாள்.

“பாவம் அண்ணி அந்த மனுஷன். அவருக்கும் மேல ஆள் இருக்கு. எனக்காக எவ்வளவு திட்டு வாங்கியிருக்காரு தெரியுமா?”

ஆகவே மீசை எடுக்கப்பட்டது.

4

சோதனைக்கு முதல் நாள் மாலை. இஸ்திரி போட்ட சட்டைக்கே அவள் மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் முடிவுகளைப் படித்துக் காட்டினேன்.

முடிவு அ: கோடு விழுந்து நிற்கிறது. அவள் கண்களில்...

“அடுத்தது” என்றாள், தலை நிமிராமல்.

முடிவு ஆ: கோடு விழவில்லை. மேலாளர் கைதட்டுகிறார்.

“அவரா? இன்னிக்கு மேல காத்தே காய்ஞ்சிருக்கும், கோடு விழாதது நீ இறக்கினதாலதான்னு எப்படி நம்புறதுன்னு கேப்பாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் கேப்பேன்.”

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். முடிவு இ: அதே நேரம் பக்கத்தில் இன்னொரு விமானம், வழக்கமான உயரத்தில். அதன் பின்னால் நீளமாக ஒரு கோடு. இவளுடைய விமானத்தின் பின்னால் வெறும் நீலம். கண்கண்ட சாட்சி! எனக்கே புல்லரித்தது.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அந்தக் கோடும் விழக் கூடாதுன்னுதானே அண்ணி நான் கிடந்து அல்லாடுறேன்? நான் ஜெயிக்கணும்னு நீங்க ஒன்னு போட்டுவிடுவீங்களா?”

முடிவு இ-யைக் கிழித்தேன். சட்டையை மடித்துக்கொண்டே, “பயமா இருக்கு அண்ணி” என்றாள். “எனக்கும்தான்டி” என்றேன்.

5

மறுநாள் அவளுடைய அலுவலக மொட்டை மாடியில் மூன்று பேர் நின்றோம்: அவள், மேலாளர், வேடிக்கை பார்க்க அனுமதி வாங்கி வந்த நான்.

விமானம் வெயிலில் மின்னும் புள்ளியாக வந்தது. நெருங்க நெருங்க, அதன் பின்னால் ஒரு சின்ன வெள்ளை நூல்!

“அது நிக்காது, நிக்காது” என்று முணுமுணுத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். பிடியில் எனக்கு உயிர் போயிற்று.

நிற்கவில்லை. விமானத்தின் வாலோடு வாலாகவே கரைந்துகொண்டு போயிற்று. பின்னால் துடைத்துவிட்ட மாதிரி நீலம். [ஒளிப்பானேன், பக்கத்தில் இன்னொரு விமானம் வருகிறதா என்று நான் சுற்றுமுற்றும் தேடினேன். வரவில்லை.]

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். “சரிம்மா, கோடு நிக்கல. ஆனா நீ இறக்கலேன்னா நின்னிருக்கும்னு என்ன நிச்சயம்?”

“நிச்சயம் இல்ல சார்” என்றாள். “ஒரு ஃப்ளைட்டை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. அதனால அடுத்த வாரம் ஒரு பத்து குடுங்க.”

அடிப்பாவி! ஒன்றே ஒன்று என்று சொன்னவரிடம் பத்து கேட்கிறாளே! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவ்வளவு பெருமையாக இருந்தது.

மேலாளர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. விமானம் கண்ணுக்கு மறைந்த பிறகும் கழுத்தை வளைத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

6

அப்புறம் அவர் பதில் சொன்னார். எனக்குத் தெரியும், பக்கத்தில்தானே நின்றேன். ஆனால் எழுதமாட்டேன். ‘சரி’ என்றார் என்று எழுதினால், நாத்தனாருக்காக நான் இட்டுக்கட்டியது என்பீர்கள். ‘முடியாது’ என்றார் என்று எழுதினால், அவளுக்காக உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். பத்து கேட்டவளுக்கு யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம்.

வாருங்கள், மாடிக்கு வந்து அவர் இடத்தில் நில்லுங்கள். கழுத்து வலிக்கும்வரை மேலே பாருங்கள். அங்கே ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாயையே பார்க்கிறாள்.

சொல்லுங்கள், எத்தனை விமானம் தருகிறீர்கள்?