இரண்டாவது பூச்சு

காவல் துறைத் தலைமையகத்தின் தகவல் பிரிவில் அவளுடைய மேசைக்கு 'பியூட்டி பார்லர்' என்று பெயர். பொதுமக்கள் கேட்கும் ஒப்பந்த நகல்கள் அங்கேதான் மை பூசிக்கொண்டு வெளியே போகும். எதை மறைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுவது அவள் வேலை. கணவன் பணியில் இறந்ததற்காகக் கொடுத்த வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் மாமியாரும் மகளும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அன்று வந்தது, காவலர்களுக்கு வாங்கிய குண்டு துளைக்காத மேலங்கிகளின் ஒப்பந்தம். ஒரு பத்திரிகைக்காரர் நகல் கேட்டிருந்தார். அவள் கணவன் அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு, நாள் முழுக்க மழையில் காவல் நின்ற பிறகுதான், நெஞ்சில் குண்டு வாங்கிச் செத்தான்.

பிரிவுத் தலைவர் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஏம்மா, இதை வேற யார்கிட்டயாவது தள்ளி விட்டுடட்டுமா?"

"வேண்டாம் சார். குடுங்க."

தன் குரல் பக்கத்து அறையில் யாரோ சொன்னது போல அவளுக்கே கேட்டது.

மறைக்க வேண்டியதைச் சரக்கு கொடுத்த கம்பெனி முதலில் மஞ்சள் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஏற்பதா, தள்ளுவதா என்று அவள் பார்ப்பாள். அதுதான் நடைமுறை. கம்பெனியிலிருந்து மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தவர் கிட்டத்தட்ட எல்லாப் பக்கத்திலும் கோடு போட்டிருந்தார்.

"அட்டையை மட்டும் விட்டுட்டீங்களே," என்றாள்.

"அதுல எங்க லோகோ இருக்கு மேடம்," என்றார் அவர், உண்மையாகவே.

வரிவரியாகப் போனார்கள். நார் நெய்யும் முறை, அடுக்குகள் ஒட்டும் பசை: "சரி, இது உங்க கைவேலை. மறைச்சுடறேன்." விலை: "மொத்த விலை தெரியணும், அது ஜனங்க காசு. உள்ளே எதுக்கு எவ்வளவுங்கறதை வேணா மறைச்சுக்கலாம்." அவர் தலையாட்டினார், பேரம் படிந்துகொண்டிருந்தது. அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி மஞ்சளாக இருந்தது.

'ஈரமான நிலையில் சோதனை: விலக்கு அளிக்கப்பட்டது.'

படித்தாள். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி அதுபாட்டுக்குச் சுற்றியது. இன்னொரு முறை படித்தாள். யார் அளித்தார்கள் என்று அதில் இல்லை.

"இது தொழில் ரகசியம் மேடம். போட்டிக்காரன் பார்த்துட்டான்னா..."

"நீங்க பண்ணாத ஒண்ணை அவன் எப்படிங்க காப்பியடிப்பான்?"

அவர் பிரிவுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு பக்கமும் பார்க்கணும்மா. இவங்க கோர்ட்டுக்குப் போனா மேலிடத்துல நம்மளைத்தான் குடைவாங்க. உன் வேலை வேற இன்னும் உறுதியாகலை."

"பார்த்துட்டேன் சார். நெசவு அவங்களோடது. இது போட்டுக்கறவனோடது."

"என்னமோ போ. கையெழுத்து உன்னோடது. நான் பார்க்கலை."

கம்பெனிக்காரர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

அவள் மைப் பேனாவைத் திறந்தாள். ஒரு பூச்சு போதாது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். காய விட்டு இரண்டாவது பூச்சு போட்டு, அதற்குப் பிறகு நகல் எடுக்க வேண்டும். நெசவு கறுத்தது. விலையின் உள்கணக்கு கறுத்தது. அந்த ஒரு வரியை அப்படியே விட்டாள். அழுகை வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. போகும் வழியில் பால் வாங்க வேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

கடைசியில் இருந்தது, துறையே பின்னால் சேர்த்திருந்த 'உபயோகத்தில் வந்த புகார்கள்' என்ற தாள். அது கம்பெனியின் கைக்குப் போகவே இல்லை. அதில் யாரும் கோடு போட்டுக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. தனி நபர்களின் பெயர் வெளியே போகக் கூடாது என்பது விதி. கேட்டு வருகிறவர்களிடம் அவளே தினமும் சொல்கிற விதி. தாளில் ஒரு காவலரின் பெயர், அவர் நின்ற இடம், பிறகு 'குண்டு துளைத்தது, மரணம்.'

துளைத்ததை விட்டாள். மரணத்தை விட்டாள். பெயர் மேல் மையைப் பூசி, காய்ந்ததும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மைக்கு அடியில் இன்னும் மங்கலாக இருந்தான்.

பேனாவை ஒரு முறை உதறிவிட்டு இரண்டாவது பூச்சைப் போட்டாள்.