விஜயதசமி லினக்ஸ்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வினிதா லேப்டாப்பின் இடது ஓரத்தில் மெமரி கார்டைச் செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. உருவினாள், ஊதினாள், துப்பட்டாவில் துடைத்து மறுபடி செருகினாள். திரையில் போன வாரம் வரை பச்சைப் புல்வெளி ஒன்று இருந்தது. இப்போது அங்கே ஒரு நீலப் பறவை உட்கார்ந்திருந்தது. அது சும்மாவே இருந்தது.

"இன்னாமா, எடுக்கலியா?" என்றார் ஆரோன், மெஷின் பக்கத்திலிருந்து.

"எடுக்கல அண்ணா. புது சிஸ்டம் இல்ல, விஜயதசமி லினக்ஸ். நாம செருகறது அதுக்குப் புரியல போல."

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் மோகன்ராஜின் பட்டறை இருந்தது. இரண்டு சிஎன்சி மெஷின்கள். பெரியதற்கு இருபது வயது. அதில் பென் டிரைவ் செருக வழி கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே வாய் மெமரி கார்டு துளைதான். இரும்பை எங்கே எவ்வளவு சீவ வேண்டும் என்ற புரோகிராமை வினிதா லேப்டாப்பில் எழுதுவாள், கார்டில் ஏற்றுவாள், கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு அடி நடந்து மெஷினுக்குக் கொடுப்பாள். நான்கு வருடமாக இதுதான் வழி.

அன்று மதியம் மூன்று மணிக்கு வால்வு கம்பெனியிலிருந்து பட்டாபிராமன் என்ற இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் கையில் முதல் பீஸைக் கொடுக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் வருஷம் முழுவதற்கும் ஆர்டர். ஆயுதபூஜை அன்று பொரிப் பொட்டலம் கொடுக்கும்போதே மோகன்ராஜ் விஷயத்தை உடைத்துச் சொல்லியிருந்தார்: "ஆர்டர் வந்துச்சுன்னா செகண்ட் ஷிப்ட் போடறோம், நீதான் இன்சார்ஜ். வரலன்னா ரெண்டு மெஷினுக்கு ஒரு ஆளு போதும்மா, தப்பா எடுத்துக்காத." அந்த ஒரு ஆள் ஆரோன் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் பட்டறை திறந்த நாளிலிருந்து இருப்பவர். வினிதா பொரியை வாங்கிக்கொண்டு சரி சார் என்றாள்.

லினக்ஸ் வந்ததற்கும் அதே வால்வு கம்பெனிதான் காரணம். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் முறையாக வாங்கியதுதானா என்று அவர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். மோகன்ராஜின் பட்டறையில் இருந்தது, யாரோ யாருக்கோ கொடுத்து அவர் யாரிடமோ வாங்கிய விண்டோஸ். பக்கத்துக் கிராமத்தில் தம் ஏரிப் பாசன நிலம் மனையாகப் பிரிந்தபோது கையில் வந்ததை மெஷினில் போட்ட மனிதர் அவர். மெஷின் என்றால் கண்ணால் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எதற்குக் காசு என்பது அவருடைய கொள்கை. அப்போதுதான் அவர் மனைவியின் தம்பி தீனா, காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் அடுத்த கட்டத்தை யோசித்துக்கொண்டிருந்தவன், லினக்ஸ் இலவசம் என்றான். இலவசம் என்ற சொல்லுக்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் மோகன்ராஜின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

புதிதாக எதையும் தொடங்க விஜயதசமியை விட நல்ல நாள் உண்டா? பட்டறைக்கு ஞாயிறு வரை விடுமுறை. நல்ல நேரம் பார்த்து, லேப்டாப்புக்குக் கற்பூரம் காட்டி, ஃபைல்களை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, தீனா பழையதை அழித்துப் புதியதை ஏற்றினான். ஏற்றியதும் யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். பாட்டு வந்தது. சோதனை முடிந்தது. அந்த லேப்டாப்பில் நான்கு வருடமாக வேலை செய்பவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வினிதா போனில் சொன்னதைக் கேட்டு ஒன்பதரை மணிக்கு தீனா வந்தான். ஹெல்மெட்டைப் புரோகிராம் தாள்களின் மேல் வைத்தான். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து மளமளவென்று தட்டினான். வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின.

"பாருங்க வினிதா. கீபோர்டு இருக்கு, கேமரா இருக்கு, ப்ளூடூத் இருக்கு. கார்டு ரீடர் மட்டும் லிஸ்ட்லயே இல்ல."

"அதத்தான் சார் நானும் காலைல சொன்னேன்."

"நீங்க கார்டு எடுக்கலன்னு சொன்னீங்க. நான் சொல்றது வேற. ரீடரே டிடெக்ட் ஆகல. கெர்னல் இஷ்யூ."

"கெர்னல்னா?" என்றார் மோகன்ராஜ்.

"அதான் மாமா இதோட உயிரு."

"உயிரே போச்சா?" என்று கேட்டார் ஆரோன். "கயிட்டி வெச்சிட்டு நாலு தட்டு தட்டு தம்பி. எங்க டிவி அப்டித்தான் வரும்."

தீனா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வினிதா மோகன்ராஜிடம் போனாள். "சார், யூஎஸ்பில செருகற ரீடர் கடைல கிடைக்கும். பல்லாவரம் போயி வாங்கிட்டு வந்துடறேன். எரநூறு ரூபா கூட ஆகாது."

மோகன்ராஜுக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் தீனாவின் முகம் மாறிவிட்டது. "மாமா, உள்ளேயே ரீடர் இருக்கறப்ப வெளில ஒண்ணு வாங்குனா லினக்ஸ்ல முடியலன்னு நாமளே ஒத்துக்கற மாதிரி. பத்து நிமிஷம் குடுங்க."

"பத்து நிமிஷம் குடும்மா," என்றார் மோகன்ராஜ். மனைவியின் தம்பியைப் பகைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாதே என்ற கவலையும் அவருக்கு இருந்திருக்கும்.

பத்து நிமிடம் மணிக்கணக்கில் நீண்டது. கெர்னலைப் புதுப்பிக்க ஒரு ஜிபிக்கு மேல் இறங்க வேண்டும். தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் சிக்னல் எப்போதும் ஒரு கோடுதான். தீனா போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இணையத்தில் ஒரு மன்றத்தில் கேள்வி போட்டான். முதலில் பதில் சொன்னவர், கேள்வியைச் சரியான இடத்தில் போடவில்லை என்று கண்டித்தார். இரண்டாமவர், நீ போட்டிருக்கும் லினக்ஸே மட்டம், நான் போட்டிருப்பதைப் போடு என்றார். மூன்றாமவர் இரண்டாமவரைத் திட்டினார். அப்புறம் அவர்கள் இருவரும் தீனாவை மறந்துவிட்டு வெகுநேரம் சண்டை போட்டார்கள். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து பேர் ஐந்து கட்டளைகளை அனுப்பினார்கள். தீனா ஐந்தையும் தட்டினான். ஒன்றில் ஸ்பீக்கர் வேலை செய்யாமல் போயிற்று.

பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரும் லேப்டாப்பை எட்டிப் பார்த்து ஒரு யோசனை சொன்னார்கள். டீ கொண்டு வந்தவர் ரீசார்ஜ் முடிந்திருக்கும் என்றார்.

"புரோகிராமை மெஷின்லயே டைப் பண்ண முடியாதா?" என்று தீனா பதினொன்றரைக்குக் கேட்டான். யோசனை சொல்வதில் தனக்கு மட்டும் ஏன் பஞ்சம் என்று நினைத்தான் போலும்.

"ஆயிரத்தி நானூறு வரி சார். மெஷின்ல இருக்கற பட்டன் இத்துனூண்டு. ஒரு புள்ளி தப்பாப் போட்டா டூல் போயி இரும்புல இடிக்கும். டைப் பண்றீங்களா?"

"சும்மா கேட்டேன்."

வினிதாவுக்குச் சந்தேகமே இல்லை. புதன்கிழமை வரை ஓடிய லேப்டாப். வியாழக்கிழமை இவன் கை வைத்தான். திங்கட்கிழமை ஓடவில்லை. இதற்குப் படிப்பு எதற்கு? அதை வாய்விட்டும் சொன்னாள்: "நல்லா இருந்த பொருளு சார். தெரியாதவங்க கை வெச்சா இப்டித்தான் ஆவும்."

தீனாவின் காது சிவந்தது. ஆரோன் சந்தோஷமாக இருமினார்.

பன்னிரண்டரைக்கு மோகன்ராஜ் இறங்கி வந்தார். "சரி, போய் அந்த ரீடரை வாங்கிட்டு வந்துரும்மா. வண்டி எடுத்துக்க." தீனா எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான்.

வினிதா கணக்குப் போட்டாள். பல்லாவரம் போய்த் திரும்ப இந்த வெயில் நேரத்து டிராஃபிக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் பீஸ் ஓட ஒன்றரை மணி நேரம். மூன்று மணி தாண்டிவிடும். காலை ஒன்பதரைக்குக் கேட்டதை இப்போது கொடுக்கிறார். நான்கு வருட வேலை, ஒரு மைத்துனனின் மனம் நோகாமல் இருப்பதற்காகப் போகிறது. இருந்தாலும் போய்த்தானே ஆக வேண்டும். கடையில் சோதித்துப் பார்க்கலாம் என்று லேப்டாப்பிலிருந்து கார்டை உருவினாள்.

கார்டின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. காலையில் அவசரத்தில் துடைத்தபோது கவனிக்கவில்லை. நகத்தால் சுரண்டினாள். பொடியாக உதிர்ந்தது. மூக்கருகில் கொண்டு போனாள்.

சந்தனம்.

புதன்கிழமை ஆயுதபூஜை அவள் கண்முன் வந்தது. மெஷின், கம்ப்ரெசர், அளவுக் கருவிகள், எடைத் தராசு, கதவு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது அவள்தான். ஆரோன் சர்ச்சுக்குப் போகிறவர். பொரி கடலையோடு நிறுத்திக்கொள்வார். லேப்டாப்பின் மூடி மேல் பொட்டு வைக்கப் போனபோது மோகன்ராஜ் தடுத்தார்: "மேல வேணாம்மா, கறை புடிச்சா ரீசேல் போயிடும். ஓரமா வை." அவள் ஓரமாக வைத்தாள். இடது ஓரத்தில், தண்ணீராய்க் கரைத்த சந்தனத்தை மூன்று விரலால் தாராளமாக. துளை இருக்கிற இடம் என்று அவளுக்குத் தெரியாதா? நாளுக்குப் பத்துத் தடவை கார்டைச் செருகுகிற இடம். பூஜை மும்முரத்தில் அது வெறும் ஓரமாகத் தெரிந்தது.

லேப்டாப்பைச் சாய்த்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். கடைசியில் ஒரு மெல்லிய தகடு. கார்டு முழுவதும் உள்ளே போனால் அது அழுந்தும். அதன் மேல் சந்தனம் சிமென்ட் போல உறைந்திருந்தது. அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. மெஷினின் கதவிலும் இப்படி ஒரு ஸ்விட்ச் உண்டு. கதவு முழுதாக மூடி அது அழுந்தாத வரை, எந்தப் பட்டனைத் தட்டினாலும் மெஷின் செத்தது போலவே கிடக்கும். இந்த ரீடரும் கார்டு வந்து அழுத்தினால்தான் கண் விழிக்கிற ஜாதி. அழுந்தாத வரை எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் வராது. கெர்னல் பாவம், அதற்கு யாரும் சொல்லவே இல்லை.

காதுகள் சூடாயின. தெரியாதவங்க கை வெச்சா.

அளவுக் கருவி துடைக்கும் சின்னப் பிரஷையும், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயையும் எடுத்தாள். லேப்டாப்பை அணைத்தாள். தட்டினாள், அடித்தாள், சுரண்டினாள். மஞ்சள் செதில்கள் மேஜையில் உதிர்ந்தன.

"இன்னாமா அது, சந்தனமா?" ஆரோன் பின்னால் வந்து நின்றிருந்தார்.

அவள் இன்னும் வேகமாகச் சுரண்டினாள்.

"நீ வெச்சதா?"

"அண்ணா."

"நான் ஒண்ணியும் பாக்கல," என்றார் ஆரோன். மேஜையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு அதே கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "காலைலேர்ந்து அந்தப் புள்ளய இன்னா பேச்சு பேசிக்கினு இருந்தே, நீ."

கார்டைச் செருகினாள். கடைசியில் ஒரு சின்ன 'டிக்' கேட்டது. காலையிலிருந்து கேட்காத சத்தம். லேப்டாப்பை ஆன் செய்தாள்.

அப்போது தீனா பரபரப்பாக உள்ளே வந்தான். "வினிதா, கிடைச்சிருச்சு! பூனால ஃப்ரெண்டு ஒருத்தன், ஒரே ஒரு கமாண்டு. ரீபூட் பண்ணிட்டு அடிக்கணும்."

"இப்பதான் ரீபூட் ஆவுது," என்றாள் வினிதா. அதில் பொய் எதுவும் இல்லை.

அவன் உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறந்து, நீளமான ஒரு வரியைத் தட்டி என்டரை அழுத்தினான். பிறகு பட்டியலைக் கேட்டான். கீபோர்டு, கேமரா, ப்ளூடூத். அதற்குக் கீழே, கார்டு ரீடர்.

"மாமா!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மோகன்ராஜ் ஓடி வந்தார். வினிதா அவரைப் பார்த்தாள், தீனாவைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி யார் வைத்தது என்பதுதான். ஓரமாக வைக்கச் சொன்னது நீங்கள் என்று முதலாளியிடம் சொல்கிற ஷிப்ட் இன்சார்ஜை எந்தப் பட்டறையும் இதுவரை பார்த்ததில்லை. புரோகிராமைக் கார்டில் ஏற்றினாள். உருவினாள். பன்னிரண்டு அடி நடந்தாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதல் பீஸ் வெளியே வந்தது. பட்டாபிராமன் மூன்று இருபதுக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு அளவாகப் பார்த்தார். பேச்சில் கருமியான மனிதர். "ஓகே" என்று ஒன்றைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் எப்படி என்று கேட்டதற்கு மோகன்ராஜ், "எல்லாம் லினக்ஸ் சார், ஜென்யூன்," என்றார், தாமே எழுதியது போல.

அவர் போனதும் மோகன்ராஜ் வினிதாவிடம், "அடுத்த மாசம் ஒண்ணாந் தேதிலேர்ந்து செகண்ட் ஷிப்ட்டும்மா," என்றார். தீனாவிடம் வேறு மாதிரி பேசினார்: "இன்னா மச்சான், உன்ன போய் வீட்ல எல்லாம் தண்டம்னு சொல்லிகினு இருந்தோமே!" தீனா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். மன்றத்தில் தன் கேள்விக்குத் தானே பதில் எழுதி, அந்த ஒரு வரியைப் போட்டு, 'தீர்ந்தது' என்று முத்திரை குத்தினான். கால்மணி நேரத்தில் எந்த ஊரிலிருந்தோ ஒருவர், எனக்கும் வேலை செய்தது, மிக்க நன்றி என்று எழுதினார். அவருடைய துளையில் என்ன இருந்ததோ.

மோகன்ராஜ் பட்டறைப் பிள்ளையாரிடமிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். "வினிதா, அந்த லேப்டாப்புக்கு ஒரு பொட்டு வைம்மா. இன்னிக்கு அதான் நம்மளக் காப்பாத்துச்சு."

வினிதா இரண்டு கையாலும் லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இதுக்கு வேணாம் சார். வேல செஞ்சது அவருதானே? அவரு நெத்தில வைங்க."

மோகன்ராஜுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மூன்று விரலையும் கிண்ணத்தில் முக்கினார். தீனா கண்ணை மூடி நெற்றியை நீட்டினான்.

"பாத்து சார்," என்றார் ஆரோன், மெஷினைத் துடைத்துக்கொண்டே. "ஓரமா வைங்க. ரீசேல் போயிடப் போவுது."